செக்போஸ்ட் இல்லாத காடு

டாலஸ் பக்கத்தில் நாங்கள் குடியிருக்கும் காப்பெலில் மண் என்றால் அது வேலி போட்ட மண்தான். எங்கள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால் ஆளுயரத்துக்கு மேல் மரவேலி நிற்கிறது. அந்த வேலிக்கு என்ன சாயம் பூசலாம் என்பதைக்கூட வீட்டுக்காரர் சங்கம்தான் முடிவு செய்யும். தலைக்கு மேலே டாலஸ்–ஃபோர்ட்வொர்த் விமான நிலையத்தில் இறங்கும் விமானங்கள் ஓயாமல் போய்க்கொண்டிருக்கும். கொஞ்சம் மேற்கே போனால் பண்ணைகள் வரும், அங்கே முள்கம்பி. டெக்சாஸ் மாநிலத்தில் தொண்ணூறு சதவீதத்துக்கும் மேலான நிலம் தனியார் கையில் இருக்கிறது. இவ்வளவு பெரிய மாநிலத்தில் காரை ஓரம்கட்டி ஒரு மரத்தடியில் போர்வையை விரித்துப் படுக்க இடம் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் பக்கத்துத் தமிழர்கள் ஊர் சுற்றாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. யெல்லோஸ்டோன், கிராண்ட் கேன்யன், யோசெமிட்டி எல்லாம் பார்த்தாயிற்று. ஆறு மாதத்துக்கு முன்பே அறை பதிவு, நுழைவுச் சீட்டு, பார்வைமுனையில் வரிசையில் நின்று போட்டோ. அவையெல்லாம் தேசியப் பூங்காக்கள். அதே நாட்டில் தேசியக் காடு என்று வேறொன்று இருப்பதும், அதற்குள் போய்ப் பதிவும் கட்டணமும் இல்லாமல் தங்கலாம் என்பதும் எங்கள் வட்டத்தில் பலருக்குத் தெரியவில்லை. தெரிந்தவர்களும் 'நமக்கு எதற்கு வம்பு' என்று விட்டுவிடுகிறார்கள்.

இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்லிவிடுகிறேன். தேசியப் பூங்காக்கள் உள்துறை அமைச்சகத்தின் கீழ் 1916-ல் தொடங்கிய பூங்காச் சேவையிடம் இருக்கின்றன. அங்கே நோக்கம் பாதுகாத்துக் காட்டுவது. தேசியக் காடுகள் 1905-ல் கிஃபோர்ட் பின்ஷோ முதல் தலைவராக இருந்து தொடங்கிய வனச் சேவையிடம், அதாவது விவசாய அமைச்சகத்திடம், இருக்கின்றன. மரம் வெட்டுவார்கள், மாடு மேய்ப்பார்கள், வேட்டையாடுவார்கள், மீன் பிடிப்பார்கள். நம்மைப் போன்றவர்கள் போய் கூடாரம் போடலாம். எல்லாப் பயன்பாட்டுக்கும் காட்டில் இடம் உண்டு என்று 1960-ல் சட்டமே போட்டார்கள். மொத்தம் 154 தேசியக் காடுகள். வனச் சேவையின் கையில் இருக்கும் நிலம் ஏறத்தாழ 19 கோடி ஏக்கர். தமிழ்நாட்டைப் போல ஆறு மடங்கு.

காப்பெலிலிருந்து வாரக்கடைசியில் போய்வரக்கூடிய பெரிய காடு வாஷிட்டா. ஒக்லஹோமாவின் தென்கிழக்கு மூலையிலும் ஆர்கன்சாவிலுமாகப் படர்ந்து கிடக்கிறது. சுமார் 18 லட்சம் ஏக்கர். 1907 டிசம்பரில் தியோடர் ரூஸ்வெல்ட் அறிவித்தது. தென் மாநிலங்களின் தேசியக் காடுகளில் இதுதான் மூத்தது. போன நவம்பர் தொடக்கத்தில் நாங்கள் போனது இங்கேதான். கடையநல்லூரிலிருந்து ஆறு மாத விசாவில் வந்திருந்த அப்பாவும் கூட வந்தார்.

அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் அரசுப் பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைசிப் பல வருடங்கள் அவருக்கு வாய்த்தது மாஞ்சோலை ரூட். மணிமுத்தாறு அணையைத் தாண்டி, வனத்துறை செக்போஸ்ட்டில் நின்று, கொண்டைஊசி வளைவுகளில் ஏறி, மாஞ்சோலை, நாலுமுக்கு, ஊத்து என்று குதிரைவெட்டி வரை போகும் பாதை. தார் பாதி, கல் பாதி. மழைக்காலத்தில் அதுவும் இருக்காது. டெக்சாஸின் ஆறுவழிச் சாலைகளைப் பார்த்து அவருக்கு வந்தது கொட்டாவிதான். "இதுல டிரைவருக்கு என்ன சோலி? ஸ்டியரிங்கப் பிடிச்சிக்கிட்டு ஒக்காந்திருக்க வேண்டியதுதான்" என்பார்.

வெள்ளி மதியம் பிள்ளைகள் பள்ளி விட்டதும் கிளம்பினோம். எங்களுடையது டொயோட்டா ஃபோர்ரன்னர். காரோல்டனில் இருக்கும் நண்பர் குடும்பம் சுபாருவில் பின்னால் வந்தது. காட்டுப் பாதைக்கு ஒற்றை வண்டியாகப் போகக் கூடாது. ஒன்று மாட்டினால் இழுக்க இன்னொன்று வேண்டும். 121 சுங்கச்சாலை, பிறகு 75-ல் வடக்கே, செந்நிறத் தண்ணீர் ஓடும் ரெட் ரிவரைத் தாண்டினால் ஒக்லஹோமா. டூரண்ட், ஹ்யூகோ, ஆன்ட்லர்ஸ் வழியாக டாலிஹினா என்ற சிற்றூர் வரை, இடையில் நின்று போவதையும் சேர்த்து, மூன்றரை மணி நேரம். ஹ்யூகோவில் சர்க்கஸிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிய யானைகளுக்கு ஒரு காப்பகம் இருக்கிறது என்று என் மகள் சொன்னாள். "அப்ப காட்டுல யானை வராதுல்லா?" என்று அப்பா நிம்மதியாகக் கேட்டார். மாஞ்சோலை ரூட்டில் யானைக்காக இன்ஜினை நிறுத்திக் காத்துக் கிடந்த இரவுகள் அவருக்கு உண்டு.

டாலிஹினாவில் பெட்ரோல் டேங்கை நிரப்பி, ஐஸ் வாங்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு கடை கிடையாது. அங்கிருந்து ஆர்கன்சாவின் மீனா நகரம் வரை மலை முதுகிலேயே 54 மைல் போகிற டாலிமீனா சாலை பேர்பெற்றது. இலையுதிர் காலத்தில் கார்கள் வரிசை கட்டும். அந்தச் சாலையிலிருந்து இருபுறமும் கிளை பிரிந்து காட்டுக்குள் இறங்கும் மண்பாதைகளைத் தேடித்தான் நாங்கள் போனோம்.

முதல் மண்பாதையில் திரும்பியதும் அப்பா எட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏளா, செக்போஸ்ட்டயே காணோமே. எங்க எழுதிக் குடுக்கணும்?"

"எழுதிக் குடுக்க வேண்டாம்ப்பா."

"பொறவு, ராத்திரி பாரஸ்ட்காரன் வந்து எழுப்புனா?"

"வந்தா வணக்கம் சொல்லிட்டுப் போவாரு."

அவர் நம்பவில்லை. நம்ப முடியாததுதான். நம் ஊரில் 1882-ல் வெள்ளைக்காரன் போட்ட மதராஸ் வனச் சட்டத்திலிருந்து காடு என்றால் அனுமதியில்லாமல் நுழைந்தால் குற்றம் என்றே பழகியிருக்கிறோம். காரணம் இல்லாமலும் இல்லை. புலியும் யானையும் உலவும் காட்டில் யார் வேண்டுமானாலும் போய்ப் படுக்கலாம் என்று விட முடியாது. குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் இறந்த பிறகு கெடுபிடி கூடியது. 2024 அக்டோபரில்தான் தமிழ்நாடு அரசு நாற்பது பாதைகளைத் தேர்ந்தெடுத்து, இணையத்தில் பதிவு, வழிகாட்டி என்ற ஏற்பாட்டோடு முறையாகத் திறந்தது. அது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கே நாம் விருந்தாளிதான். வாஷிட்டாவில் அப்படி இல்லை. பதினான்கு நாள் வரை இலவசமாகத் தங்கலாம். தங்குகிறவர் குடிமகனா, பச்சை அட்டைக்குக் காத்திருப்பவரா, அப்பாவைப் போலச் சுற்றுலா விசாவில் வந்தவரா என்று யாரும் கேட்பதில்லை. பத்துப் பன்னிரண்டு வருடமாக வரிசையில் நின்று, வேலை போனால் அறுபது நாளில் மூட்டை கட்ட வேண்டிய வாழ்க்கை வாழும் எங்களைப் போன்றவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஆனால் கேட் இல்லாத காட்டில் எச்சரிக்கைப் பலகையும் அதிகம் இல்லை. தண்ணீர்க் குழாய், கழிப்பறை, மின்சாரம், குப்பைத்தொட்டி, எண் போட்ட இடம் ஒன்றும் கிடையாது. இதைத்தான் இங்கே ப்ரிமிட்டிவ் கேம்பிங் என்கிறார்கள். எல்லாவற்றையும் நாமே தெரிந்துகொண்டு போக வேண்டும்.

முதலில் பாதை. வனச் சேவை ஒவ்வொரு காட்டுக்கும் மோட்டார் வாகன வரைபடம் என்று ஒன்றை இலவசமாகத் தருகிறது. கறுப்பு வெள்ளையில், பார்க்கவே லட்சணமில்லாத படம். ஆனால் சட்டம் அதுதான். எந்தப் பாதை எந்த மாதத்தில் எந்த வண்டிக்குத் திறந்திருக்கும் என்பது அதில் இருக்கும். அதில் இல்லாத பாதையில் தடுப்பே இல்லாவிட்டாலும் போகக் கூடாது, போனால் அபராதம். காட்டில் சிக்னல் கிடைக்காது. அவென்ஸா மாதிரி ஒரு செயலியில் வீட்டிலேயே படத்தை இறக்கி வைத்துக்கொண்டால் போனில் நாம் நிற்கும் இடம் நீலப் புள்ளியாகத் தெரியும். அச்சடித்த பிரதி ஒன்றும் கையில் இருக்கட்டும். பாதையோரப் பலகைகளைப் பற்றி ஒரு சூட்சுமம்: எண் படுக்கைவாட்டில் எழுதியிருந்தால் பொதுவாகச் சாதாரணக் கார் போகும், பழுப்புக் கம்பத்தில் எண் ஒன்றின் கீழ் ஒன்றாக நின்றால் அடிப்பாகம் உயரமான வண்டி வேண்டும். வில்டர்னஸ் என்று 1964 சட்டப்படி ஒதுக்கிய பகுதிகள், இங்கே மேல் கியாமிச்சி ஆற்றுப் பகுதி போன்றவை, இருக்கின்றன. அங்கே காருக்கு மட்டுமல்ல, மிதிவண்டிக்கும் மோட்டார் ரம்பத்துக்கும்கூட அனுமதி இல்லை. நடைதான்.

தார் முடியும் இடத்தில் இறங்கி டயர்களில் காற்றை 35-லிருந்து 25-க்குக் குறைத்தோம். டயர் சற்று அமுங்கித் தரையோடு நீளமாகப் படியும். கூர்க்கல் குத்தாமல் வாங்கிக்கொள்ளும், பிடிமானமும் கூடும், இடுப்பும் பிழைக்கும். திரும்பித் தாருக்கு வந்ததும் சிறிய கம்ப்ரஸரால் மறுபடி அடித்துக்கொள்ள வேண்டும். குறைந்த காற்றோடு நெடுஞ்சாலையில் போனால் டயர் சூடேறி வெடிக்கும். அப்பாவுக்கு இது புதிது. அரசுப் பேருந்தில் காற்றைக் குறைக்கச் சொன்னால் டிப்போவில் சிரிப்பார்கள்.

ஆனால் இறக்கம் வந்ததும் அவர் ஆசிரியராகிவிட்டார். மணற்கல்லும் களிமண் பலகைப் பாறையும் உதிர்ந்த பாதை, நடுவில் மழை அரித்த வாய்க்கால், ஒரு பக்கம் சரிவு.

"மாப்ளே, எந்தக் கியர்ல ஏறுவீங்களோ அதே கியர்லதான் எறங்கணும். பிரேக்க நம்பி எறங்குனா பாதியில லைனர் கருகிரும்."

"மாமா, இது ஆட்டோமேட்டிக்" என்றார் என் கணவர்.

"ஆட்டோமேட்டிக்னா என்ன, கீழ்க்கியர் இல்லாமலா வண்டி செஞ்சிருப்பான்?"

இருக்கிறது. நான்கு சக்கர இயக்கத்தில் தாழ்நிலை என்று ஒன்றைப் போட்டால் வண்டி நடைவேகத்தில் இன்ஜின் பிடிப்பிலேயே இறங்கும். பிரேக்கில் கால் வைக்க வேண்டியதே இல்லை. சக்கரத்தை அரிப்பு வாய்க்காலின் மேட்டு விளிம்பில் ஏற்று, பள்ளத்தை இரு சக்கரங்களுக்கு நடுவே விடு என்று அப்பா கையை நீட்டி நீட்டிக் காட்டினார். இந்தப் பாடத்தை இங்கே காசு கொடுத்துக் கற்றுக்கொள்கிறார்கள்.

பிறகு ஓடை வந்தது. பாதை நேராகத் தண்ணீருக்குள் இறங்கி எதிர்க்கரையில் ஏறியது. அப்பா வண்டியை நிறுத்தச் சொன்னார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொள்ள வழியில்லை. ஜீன்ஸைச் சுருட்டிவிட்டு ஒரு கம்பை ஒடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். இடது சக்கரம் போகும் தடத்தில் ஒரு நடை, வலது தடத்தில் ஒரு நடை. கம்பால் குத்திக் குத்தி அடியில் கல்லா சேறா என்று பார்த்தார். கணுக்காலுக்குச் சற்று மேல் ஆழம், தெளிந்த தண்ணீர், அடியில் சரளை. "வரலாம்" என்று கையசைத்தார். இந்த நடை அவசியமான நடை. வேகமாக ஓடும் தண்ணீர் ஆறு அங்குலம் இருந்தாலே ஆளைத் தள்ளிவிடும், ஒரு அடி இருந்தால் சிறிய காரை அடித்துப்போகும், இரண்டடிக்குப் பெரும்பாலான வண்டிகள் மிதந்துவிடும் என்பது தேசிய வானிலைச் சேவை திரும்பத் திரும்பச் சொல்லும் கணக்கு. தண்ணீர் கலங்கியிருந்தால் பேச்சே இல்லை, திரும்பிவிட வேண்டும்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இந்தக் காட்டில் நடந்த ஒன்றைச் சொல்லாமல் விட முடியாது. 2010 ஜூன் 11 விடியற்காலை. ஆர்கன்சாப் பகுதியில் ஆல்பர்ட் பைக் என்ற முகாம், லிட்டில் மிசௌரி ஆற்றங்கரை. குடும்பங்கள் கூடாரத்திலும் வண்டிவீடுகளிலும் தூங்கிக்கொண்டிருந்தன. மேலே கொட்டிய மழையில் ஆறு சில மணி நேரத்துக்குள் மூன்றடியிலிருந்து இருபதடிக்கு மேல் ஏறியது. இருபது பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. நெருக்கமான மலைகள், குறுகிய பள்ளத்தாக்கு, செல்போன் எட்டாத இடம். எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. குற்றாலத்தில் வெள்ளம் வருவதைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஓடைச் சத்தம் கேட்கும் தூரத்தில் படுக்கலாம். ஓடை வந்து எட்டும் உயரத்தில் படுக்கக் கூடாது. தண்ணீரிலிருந்து இருநூறு அடியாவது தள்ளியிருப்பது நீரைக் கெடுக்காமல் இருக்கவும் உதவும்.

நாங்கள் பிடித்த இடம் ஓடைக்கு மேலே, பைன் மரங்களுக்கு நடுவே ஒரு சமதளம். முன்பு வந்தவர்கள் அடுக்கிய கல்வட்ட அடுப்பு இருந்தது. அப்படி ஏற்கெனவே பயன்பட்ட இடத்தையே பயன்படுத்த வேண்டும். புதிதாகப் புல்லை நசுக்கக் கூடாது. கூடாரம் போடும் முன் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். பட்டுப்போன கிளையோ சாய்ந்த மரமோ தலைக்கு மேல் இருந்தால் இடத்தை மாற்ற வேண்டும். முகாம்களில் உயிர்போகும் வழிகளில் இதுவும் ஒன்று.

முதல் இரவுக்குச் சமைக்க முயலாதீர்கள். இருட்டில் அடுப்பு மூட்டி, பசித்த பிள்ளைகளைச் சமாளிப்பது பாவம். கட்டுச்சோறு கட்டும் ஜாதிக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதா? புளியோதரை, உருளைக்கிழங்கு வறுவல், அவித்த முட்டை. நண்பர் வீட்டில் மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. தண்ணீர் ஆளுக்கு நாளைக்கு ஒரு கேலன் என்று கணக்கு. சமையலும் பாத்திரமும் சேர்த்தால் ஒன்றரை.

தீ மூட்டுவதில் அப்பா இன்னொரு வித்தை காட்டினார். முந்தின நாள் தூறலில் விறகெல்லாம் ஈரம். நண்பர் திரவ எரிபொருள் டப்பாவைத் தேடிக்கொண்டிருந்தார். அப்பா விழுந்து மட்கிய ஒரு பைன் மரத்தைக் காலால் உதைத்துப் பார்த்து, கிளை பிரியும் கணுவிலிருந்து ஒரு துண்டை உடைத்தார். வெளியே மட்கல், உள்ளே தேன் நிறத்தில் பிசின் ஊறிக் கெட்டியாக இருந்தது. முகர்ந்து பார்த்து, "சாம்பிராணி மாதிரி இருக்கு, பிடிச்சிக்கும்" என்றார். கத்தியால் சீவிச் சுருள் சுருளாகக் குவித்து ஒரு தீக்குச்சிதான். கறுத்த புகையோடு பற்றியது. அதன் மேல் சுண்டுவிரல் கனச் சுள்ளி, பிறகு கட்டைவிரல் கனம், அப்புறம்தான் கட்டை. பைன் மரமே அவருக்குப் புதிது, பிசின் புதிதில்லை.

தீயில் விதிகள் கடுமை. விழுந்து காய்ந்ததை மட்டும்தான் எடுக்கலாம், நிற்கும் மரத்தைத் தொடக் கூடாது. டாலஸிலிருந்து விறகு கட்டிக்கொண்டு போகக் கூடாது. ஆஷ் மரங்களைக் கொல்லும் மரகதத் துளைப்பான் வண்டு அப்படித்தான் ஊர் விட்டு ஊர் பரவுகிறது. கவுண்டியில் எரிப்புத் தடை இருக்கிறதா என்று கிளம்பும் அன்று பார்க்க வேண்டும். அணைக்கும்போது தண்ணீர் ஊற்றி, கிளறி, மறுபடி ஊற்றி, புறங்கையால் தொட்டுச் சூடு இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் கூடாரத்துக்குள் போக வேண்டும்.

மறுநாள் வெளிச்சத்தில் பார்த்தபோது சுற்றியிருந்த பைன்கள் எல்லாம் முழங்கால் உயரத்துக்குக் கரிந்திருந்தன. காட்டுத்தீயா என்று பிள்ளைகள் பயந்தார்கள். வனச் சேவையே வைக்கும் தீ அது. சில வருடங்களுக்கு ஒருமுறை குளிர்ந்த பருவத்தில் தரையோடு மெல்ல எரியவிடுகிறார்கள். சருகும் புதரும் போய், பைன்களுக்கு அடியில் புல் வரும். அந்தத் திறந்த காட்டில்தான் செங்கொண்டை மரங்கொத்தி என்ற அரிய பறவை உயிருள்ள முதிர்ந்த பைன் மரத்தில் பொந்து போடும். அது 1970-லிருந்து அழிவின் விளிம்புப் பட்டியலில் இருந்தது. 2024-ல்தான் ஒரு படி இறக்கி 'அச்சுறுத்தலில் உள்ளது' என்று மாற்றினார்கள். சருகு சேரவிட்டால் ஒருநாள் மொத்தமாகப் பற்றும் என்று அப்பாவிடம் சொன்னேன். "குரங்கணியில அதானே நடந்துச்சு" என்றார்.

இனி, யாரும் கேட்கத் தயங்கும் விஷயம். கழிப்பறை இல்லை. ஒரு சிறு மண்வாரி, தாள், கைகழுவும் திரவம். முகாமிலிருந்தும் பாதையிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் இருநூறு அடி தள்ளி, ஆறிலிருந்து எட்டு அங்குலம் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணைத் தள்ளி மூட வேண்டும். பயன்படுத்திய தாளைப் பையில் கட்டித் திரும்ப எடுத்து வருவதே உத்தமம். காப்பெலில் பிறந்த பிள்ளைகள் முதலில் அழுதே விட்டார்கள். அப்பா பிளாஸ்டிக் குவளையில் தண்ணீர் மொண்டுகொண்டு, "கொல்லைக்குப் போறதுக்கு ஒரு கிளாஸ் எடுக்கணுமா?" என்று சிரித்துக்கொண்டே போனார். மறுநாள் காலையில் பேரன் அவரிடமே பாடம் கேட்டுப் போனான்.

கரடி பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். உண்டு, கறுப்புக் கரடி. ஒரு காலத்தில் ஆர்கன்சாவில் கிட்டத்தட்ட அற்றுப்போய், 1958-லிருந்து பத்து வருடம் மினசோட்டாவிலிருந்தும் கனடாவின் மனிடோபாவிலிருந்தும் இருநூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கரடிகளைப் பிடித்து வந்து விட்டார்கள். அவற்றின் சந்ததிதான் ஒக்லஹோமா மலைகள் வரை பரவியிருக்கிறது. எங்கள் பொதிகைப் பக்கத்துக் கரடி மாதிரி ஆளைக் கண்டதும் பாயாது, கூச்ச சுபாவம். ஆனால் மூக்கு பொல்லாதது. சாப்பாடு, பற்பசை, மணமுள்ள எதுவும் கூடாரத்துக்குள் கூடாது, காருக்குள் பூட்டி வைக்க வேண்டும்.

நான் கரடியை விட உண்ணிக்குத்தான் பயப்படுகிறேன். ஒற்றை வெள்ளைப் புள்ளியுள்ள லோன் ஸ்டார் உண்ணி இந்தப் பக்கத்தில் ஏராளம். அது கடித்த சிலருக்கு ஆல்ஃபா-கேல் என்ற ஒவ்வாமை வருகிறது. பிறகு ஆட்டுக்கறி, மாட்டுக்கறி, பன்றிக்கறி தின்றால் சில மணி நேரம் கழித்துத் தடிப்பும் மூச்சுத்திணறலும் வரும். கோழியும் மீனும் பரவாயில்லை. ஒரு உண்ணியால் ஆயுசுக்கும் மட்டன் பிரியாணி போய்விடலாம் என்றதும் என் கணவர் பேன்ட்டைச் சாக்ஸுக்குள் திணித்துக்கொண்டார். அதுதான் முறை. உடைகளுக்குப் பெர்மெத்ரின் தெளித்து, வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காதுக்குப் பின்னால், அக்குளில், முழங்கால் மடிப்பில் தேடிப் பாருங்கள்.

நாங்கள் நவம்பர் தொடக்கத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. நம்மவர்களுக்கு விடுமுறை கிடைப்பது தேங்ஸ்கிவிங் வாரத்தில். ஒக்லஹோமாவில் மான்வேட்டையின் துப்பாக்கிப் பருவம் தேங்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கிப் பதினாறு நாள் நடக்கும். அந்தப் பதினாறு நாளும் காட்டுக்குள் பிள்ளைகளோடு போக வேண்டாம் என்பது என் கட்சி. மற்ற இலையுதிர் நாட்களிலும் எல்லோருக்கும் பளீரென்ற ஆரஞ்சு மேல்சட்டை போட்டுவிடுங்கள். வால்மார்ட்டில் சல்லிசாகக் கிடைக்கும்.

சனிக்கிழமை முழுவதும் வண்டியிலேயே போனது. டாலிமீனா சாலையில் ஏறி, ஆர்கன்சா எல்லையில் 2,681 அடி உயர ரிச் மலையில் நின்று, வடக்கே ஹோல்சன் பள்ளத்தாக்குச் சாலைக்கு இறங்கி, கிளைப்பாதைகள் வழியே திரும்பினோம். அமெரிக்காவின் பெரிய மலைத்தொடர்களில் பெரும்பாலானவை வடக்கு தெற்காக ஓட, இது கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. சுமார் முப்பது கோடி வருடங்களுக்கு முன் தெற்கிலிருந்து கோண்டுவானா கண்டம் வந்து மோதிக் கடலடி வண்டல் மடிந்து எழுந்த மலை. நம் பொதிகை அப்போது அந்தக் கோண்டுவானாவின் இன்னொரு மூலையில் இருந்தது. இந்த மண்பாதைகளில் பல, மரம் இழுக்கப் போட்டவை. 1930-களின் பொருளாதார மந்த காலத்தில் வேலையில்லாத இளைஞர்களை முகாம்களில் வைத்து நாடெங்கும் காட்டுப்பாதையும் பாலமும் கட்ட வைத்தது பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் அரசு. மாதம் முப்பது டாலர் கூலி. அதில் இருபத்தைந்து நேரே வீட்டுக்குப் போகும். நம் நூறுநாள் வேலைக்கு மூத்த அண்ணன். 1933-லிருந்து 1942 வரை முப்பது லட்சம் பேர் வேலை பார்த்தார்கள்.

'எல்லோருக்கும் சொந்தமான நிலம்' என்று சொல்லிவிட்டுப் போவதும் முழு உண்மை ஆகாது. ஒக்லஹோமாவின் இந்த மூலை சாக்டா மக்களுக்குக் கொடுத்த நாடு. 1830 ஒப்பந்தத்துக்குப் பிறகு மிசிசிப்பியிலிருந்து துரத்தி, குளிரில் நடக்கவைத்து, வழியில் ஆயிரக்கணக்கில் சாகவிட்டு, இதுதான் உங்களுக்கு என்றார்கள். பிறகு அதையும் துண்டு போட்டார்கள். இதைக் கேட்டு அப்பா வெகுநேரம் மாஞ்சோலையைப் பற்றியே பேசினார். 1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் 99 வருடக் குத்தகைக்கு பம்பாய் பர்மா கம்பெனிக்குக் கொடுத்த எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர். காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்களின் பேரப்பிள்ளைகள் வரை அங்கேயே பிறந்தவர்கள். 2024-ல் தோட்டம் மூடிக் கீழே இறங்கச் சொன்னார்கள். "காடு புலிக்குத்தான், சரி. ஆனா என் பஸ்ல ஏறுன சனங்களுக்கு ஊருன்னு ஒண்ணு இருந்துச்சுல்லா?" அவருடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. காடு யாருக்கு என்ற கணக்கை எந்த நாடும் நேர்மையாகப் போட்டதாகத் தெரியவில்லை. 2025 ஜூனில் மேற்கு மாநிலங்களின் வனச் சேவை நிலத்தில் ஒரு பகுதியை விற்கலாம் என்று செனட்டில் ஒரு முன்மொழிவு வந்தது. வேட்டைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் முகாம்காரர்களும் கட்சி பார்க்காமல் எதிர்க்கவே சில வாரங்களில் அதைத் திரும்பப் பெற்றார்கள். பயன்படுத்துகிறவர்கள் இருந்ததால் விற்பனை நின்றது.

முதல்முறையே வாஷிட்டாவுக்கு ஓடாதீர்கள். காப்பெலிலிருந்து ஒரு மணி நேரத்தில் டெகேட்டருக்கு வடக்கே லிண்டன் ஜான்சன் தேசியப் புல்வெளி இருக்கிறது. இதே வனச் சேவையுடையது, இருபதாயிரம் ஏக்கர், சாதாரணக் காரே போதும். அங்கே ஓர் இரவு தங்கிப் பாருங்கள். கூடாரம் ஒழுகுகிறதா, பிள்ளைகள் தூங்குகிறார்களா என்பது தெரிந்துவிடும், பிடிக்காவிட்டால் நடுராத்திரியிலும் வீடு திரும்பலாம். போகுமிடத்தையும் திரும்பும் நேரத்தையும் ஊரில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். வரைபடம் வனச் சேவையின் அலுவலகங்களிலும் இணையதளத்திலும் இலவசம். மழை முன்னறிவிப்பு இருந்தால் அடுத்த வாரம் போய்க்கொள்ளலாம்.